ஆடு கடித்த மா ஏன் இப்படிப் பூத்துக் குலுங்குகிறது?

கேள்வி: நத்தம் பக்கம் எங்கள் ஊர். கொல்லையில் எட்டு வயது மாமரம் ஒன்று இருக்கிறது. மறைந்த என் மாமனார் வாங்கி வைத்த ஒட்டுக்கன்று, ரகத்தின் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டு வெள்ளாடுகள் அடிமரத்துப் பட்டையைச் சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்குத் தின்றுவிட்டன. பட்டுப்போகும் என்று பயந்தோம். ஆனால் ஓர் இலைகூட வாடவில்லை. இந்தத் தையில் இதுவரை பார்க்காத அளவுக்குப் பூ. 'காயம்பட்ட மரம் நல்லா காய்க்கும்' என்கிறார் மாமியார். காயத்தின் மேல் விளிம்பு மட்டும் உதடு மாதிரி தடித்திருக்கிறது. மரம் தப்பித்துவிட்டது என்று விட்டுவிடலாமா? தென்னைக்குக் கட்டுவதுபோல வேரில் டானிக் கட்டலாமா? பிளஸ் டூ படிக்கும் மகள், 'பட்டையே இல்லாமல் தண்ணீர் எப்படி மேலே போகிறது?' என்று கேட்கிறாள். அதற்கும் பதில் சொல்லுங்கள்.

பதில்: சகோதரி, மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். மரம் தப்பிக்கவில்லை. தப்ப வைக்க இன்னும் அவகாசம் இருக்கிறது, அவ்வளவுதான். தோட்டக்கலைத் துறையில் வேலை பார்த்த காலத்தில் இப்படிப்பட்ட மரங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் சித்திரை வெயிலில்தான் கூப்பிடுவார்கள். 'நேத்துவரை நல்லா இருந்துச்சு சார், திடீர்னு வாடிருச்சு, வெயில் தாங்கல போல' என்பார்கள். வெயில்மேல் பழி போடுவது சுலபம். ஆனால் அந்த மரத்தின் வேர் பல மாதமாகப் பட்டினி கிடந்திருக்கும். நீங்கள் தையிலேயே எழுதியது நல்லதாகப் போயிற்று.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது பூ அல்ல, அந்த உதடுதான். இன்னொரு முறை கொல்லைக்குப் போய்க் காயத்தை உட்கார்ந்து பாருங்கள். மேல் விளிம்பு பருத்து, உருண்டு, கொஞ்சம் கீழ்நோக்கி வழிந்ததுபோல இருக்கும். கீழ் விளிம்பு அப்படியே ஒட்டி, காய்ந்து, சுருங்கியிருக்கும். இரண்டும் ஒரே நாளில் ஒரே ஆட்டின் வாயில் பட்ட காயங்கள். மேல் விளிம்பு மட்டும் ஏன் கொழுக்கிறது? மேலிருந்து கீழே போக வேண்டிய சாப்பாடு அங்கே வந்து முட்டி நிற்கிறது. கீழ் விளிம்புக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. 1670-களில் இத்தாலியின் மார்செல்லோ மால்பிகி மரங்களில் வளையமாகப் பட்டையை உரித்துப் பார்த்தபோது கண்டதும் இதே உதட்டைத்தான். மரத்துக்குள் சரக்குப் போக்குவரத்து இரண்டு தனித்தனிப் பாதைகளில் நடக்கிறது என்ற அறிவின் வேர் அங்கே இருக்கிறது. மாதுளையிலோ எலுமிச்சையிலோ விண்பதியம் போட்டுப் பார்த்தவர்களுக்கும் இது தெரிந்த சங்கதி. வளையமாகப் பட்டையை எடுத்து ஈரமான பாசியைக் கட்டினால், வேர் கிளம்புவது மேல் விளிம்பில்தான். கீழ் விளிம்பில் வேர் விட்டு நான் பார்த்ததில்லை.

உள்ளே இருக்கும் அமைப்பைச் சொன்னால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். வெளியே சொரசொரப்பான காய்ந்த பட்டை. அதை ஒட்டி உள்ளே, நகத்தால் கீறினால் ஈரமாகத் தெரியும் மெல்லிய அடுக்கு ஃபுளோயம். இலையில் தயாரான சர்க்கரையை வேருக்கும் பூவுக்கும் காய்க்கும் கொண்டுபோவது இதுதான். அதற்கும் உள்ளே, கண்ணுக்கே சரியாகத் தெரியாத வழவழப்பான படலம் கேம்பியம். மரம் பருக்கக் காரணம் இந்தப் படலம்தான். அதற்குள்ளே கட்டை. கட்டையின் வெளிப்பகுதியில் இருக்கும் சைலம் வேரிலிருந்து தண்ணீரையும் உப்புச்சத்துகளையும் மேலே ஏற்றுகிறது. ஆடு தின்றது ஃபுளோயம் வரைதான். கட்டையில் அதன் பல் இறங்காது. அதனால் தண்ணீர்ப் பாதை முழுதாக இருக்கிறது, இலை வாடவில்லை. சர்க்கரைப் பாதை முழுதாக அறுந்துவிட்டது, அதனால் வேருக்குச் சோறு இல்லை. வேர் தன்னிடம் சேர்த்து வைத்த மாவுச்சத்தைத் தின்றுதான் இன்று வரை தண்ணீர் அனுப்பிக்கொண்டிருக்கிறது. அது தீரத் தீர முதலில் நுனி வேர்கள் சாகும். மண்ணிலிருந்து தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சுவது அந்த நுனிகள்தான். வாட்டம் இலையில் தெரியும்போது வேரில் காரியம் முடிந்துபோயிருக்கும். சிறிய மரம் சில மாதத்தில் போகும். சேமிப்பு அதிகமுள்ள பெரிய மரம் ஒரு வருடம், சில நேரம் அதற்கு மேலும் இழுத்துப் பிடிக்கும்.

இப்போது பூவுக்கு வருவோம். மாமியார் சொன்னதில் பாதி சரி. கீழே இறங்க வழியில்லாத சர்க்கரை கிளைகளிலேயே தேங்கியிருக்கிறது. பூக்கச் சொல்லும் தூண்டுதலும் இலையிலிருந்து ஃபுளோயம் வழியாகத்தான் மொட்டுக்குப் போகிறது. அதுவும் கீழே சிதறாமல் மேலேயே தங்கிவிட்டது. மார்கழிக் குளிரும் சேர்ந்துகொள்ள, மரம் கொட்டிப் பூத்துவிட்டது. காய்க்காத மரத்தை அரிவாளால் நாலு கொத்துக் கொத்தும் வழக்கத்தில் இருக்கும் உண்மையும் இதுதான். திராட்சைக்காரர்கள் இதைக் கணக்காகச் செய்கிறார்கள். கொடியின் பட்டையை 3 முதல் 5 மில்லிமீட்டர் அகலத்துக்கு மட்டும் வளையமாக எடுத்தால் பழம் பருக்கும். அந்தச் சின்ன இடைவெளியைக் கொடி சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும். வேருக்குப் பட்டினி கொஞ்ச நாள்தான். உங்கள் மரத்தில் இடைவெளி ஒரு சாண். அதை மரம் தானாக மூடாது.

மகளின் கேள்வி நல்ல கேள்வி. பட்டையில்லாமல் தண்ணீர் போகிறது, சரி, அதை ஏற்றுவது யார்? மரத்துக்கு இதயம் இல்லை. சைலக் குழாய்களில் இருப்பவை செத்த செல்கள். அவற்றின் உள்ளீடு கரைந்துபோய் சுவர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. 1890-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஸ்ட்ராஸ்பர்கர் என்ற தாவரவியலாளர் வெட்டிய மரங்களின் அடியை நஞ்சுக் கரைசலில் நிறுத்திப் பார்த்தார். நஞ்சு ஏறி வழியில் இருந்த உயிருள்ள செல்களைக் கொன்ற பிறகும் கரைசல் ஏறிக்கொண்டே இருந்தது. ஆகவே உயிருள்ள பம்பு எதுவும் அங்கே இல்லை. நம் ஜகதீச சந்திர போஸ் 1923-இல், தண்டுக்குள் இருக்கும் உயிருள்ள செல்கள் துடித்துத் துடித்துத் தண்ணீரை மேலே தள்ளுகின்றன என்று எழுதினார். எனக்கு போஸ்மேல் பெரிய மரியாதை உண்டு, ஆனால் அந்த விளக்கம் நிற்கவில்லை. நின்றது 1894-இல் டப்ளினில் டிக்ஸனும் ஜாலியும் சொன்னதுதான். இலைத்துளைகள் வழியே நீர் ஆவியாகிறது. போன இடத்தை நிரப்ப இலைக்குள் இருக்கும் நீர் நகர்கிறது. நீர்மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதால், மேலே இழுத்தால் கிணற்றுக் கயிறுபோல மொத்தமும் வேர் வரை இழுபடுகிறது.

இதில் மகள் யோசித்துப் பார்க்க ஒன்று சொல்கிறேன். உறிஞ்சும் பம்பு எவ்வளவு பெரியதானாலும் தண்ணீரைச் சுமார் 10 மீட்டருக்கு மேல் தூக்காது. கீழிருந்து காற்றழுத்தம் தள்ளுவதன் எல்லை அது. ஆனால் நம்மூர் நெட்டைத் தென்னை 20 மீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 115 மீட்டர் உயர ரெட்வுட் மரம் நிற்கிறது. அந்த உயரத்துக்கு நீர் போவதென்றால் குழாய்க்குள் நீர் இழுவிசையில் விறைத்து நிற்க வேண்டும். நிற்கிறது. உச்சிவெயிலில் அடிமரத்தின் சுற்றளவு மிகக் கொஞ்சமாகச் சுருங்கி, ராத்திரியில் பழையபடி வருவதைக் கருவி வைத்து அளக்கிறார்கள். வேர் உறிஞ்சும் நீரில் 95 சதவீதத்துக்கு மேல் இலை வழியாகக் காற்றில்தான் போகிறது. மரம் தன் உடம்பில் வைத்துக்கொள்வது மிச்சம் மீதிதான்.

இந்த இழுவிசையால் உங்கள் மரத்துக்கு ஒரு ஆபத்தும் உண்டு. விறைத்து நிற்கும் குழாய்க்குள் காற்று புகுந்தால் அந்தக் குழாய் அத்தோடு சரி, நீர்க்கம்பி அறுந்துவிடும். பட்டை போன இடத்தில் கட்டை வெயிலில் காய்ந்து வெடிக்க வெடிக்க வெளிப்பக்கக் குழாய்கள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். அந்தக் காயத்தைத் தேடித் தண்டுத் துளைப்பான் வண்டும் வரும். எனவே காயத்தை இனியும் திறந்து போட்டு வைக்காதீர்கள்.

ஃபுளோயம் வேலை செய்யும் விதம் வேறு. அங்கே இழுப்பு கிடையாது, தள்ளு. இலையில் துணை செல்கள் சர்க்கரையை ஃபுளோயத்தின் சல்லடைக் குழாய்க்குள் ஏற்றுகின்றன. சர்க்கரை சேர்ந்த இடத்துக்குப் பக்கத்து சைலத்திலிருந்து தண்ணீர் பாய்கிறது, அழுத்தம் ஏறுகிறது. வேரிலோ காயிலோ சர்க்கரையை இறக்கிக்கொள்வதால் அந்த முனையில் அழுத்தம் குறைகிறது. அதிகம் உள்ள பக்கமிருந்து குறைந்த பக்கத்துக்குச் சாறு ஓடுகிறது, மணிக்கு அரை மீட்டர், ஒரு மீட்டர் வேகத்தில். 1930-இல் ஜெர்மனியின் முன்ஷ் விரிவாகச் சொன்னது இது. புத்தகத்தில் படித்தால் மண்டையில் ஏறாது. பனைமரத்தடியில் நின்றால் ஏறும். பாளையைச் சீவினால் கலயத்தில் சொட்டுவது ஃபுளோயம் சாறுதான். பதநீரில் 10 சதவீதத்துக்கு மேல் சர்க்கரை இருப்பதும், யாரும் பிழியாமல் அது தானாகச் சொட்டுவதும் உள்ளே இருக்கும் அழுத்தத்தால்தான். வெட்டுப்பட்ட சல்லடைக் குழாயை மரம் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் தினமும் மெல்லிய சீவலாகப் புதிதாகச் சீவ வேண்டியிருக்கிறது. மரமேறிகளுக்கு இதை யாரும் பாடமெடுக்க வேண்டியதில்லை.

பனை வரை போகாமலும் பார்க்கலாம். உங்கள் மாம்பூவில் இப்போது தத்துப்பூச்சி இருக்கும், கையை வைத்தால் குபீரென்று கிளம்பும். பூக்கொத்துக்குக் கீழே உள்ள இலையைத் தடவிப் பாருங்கள், பிசுபிசுக்கும். தத்துப்பூச்சி சாறை உறிஞ்சி, தனக்கு வேண்டிய சொற்பப் புரதச் சத்தை எடுத்துக்கொண்டு, மிதமிஞ்சிய சர்க்கரையைக் கழித்துவிடுகிறது. அந்தத் தேன்கழிவின்மேல்தான் கரும்பூஞ்சணம் படிகிறது, எறும்பு வருகிறது. வேருக்குப் போக வேண்டிய சோறு உங்கள் மரத்தில் இப்போது பூவுக்கும் பூச்சிக்கும் போய்க்கொண்டிருக்கிறது.

டானிக் விஷயம். தென்னையில் வேர் கட்டுவது எப்படி வேலை செய்கிறதென்று பாருங்கள். பென்சில் கனமுள்ள இளம் வேரைச் சாய்வாக வெட்டி, 200 மில்லி பைக்குள் நுனி அடிவரை படும்படி விட்டுக் கட்டுகிறோம். மேலே ஓலைகள் நீரை இழுக்க, வெட்டுவாய் வழியாக மருந்து சைலத்தில் ஏறிப்போகிறது. நல்ல வெயில் நாளில் மறுநாளுக்குள் பை காலியாகும். மழை மூட்டத்தில் அப்படியே கிடக்கும், காரணம் மகளுக்குத் தெரியும் இப்போது. போகிற திசை மேலே மட்டும். உங்கள் மரத்துக்கு மேலே எதுவும் குறையில்லை. கீழேதான் பசி. டானிக் கட்டினாலும் இலைக்கு ஊட்டி வேரைப் பட்டினி போட்டதாகத்தான் ஆகும். இலைவழி தெளிப்பும் அப்படியே. சிலர் வேரடியில் சர்க்கரைத் தண்ணீர், வெல்லக் கரைசல் ஊற்றச் சொல்வார்கள். அது மண்ணிலுள்ள நுண்ணுயிருக்கும் கறையானுக்கும் விருந்து, மா வேருக்கு அல்ல. யூரியா பக்கமே போகாதீர்கள். உப்பைச் சமாளிக்கும் தெம்பு அந்த வேருக்கு இப்போது இல்லை.

'தென்னையில் ஏறுவதற்குக் கொத்துக் கொத்தாகப் படி வெட்டுகிறார்களே, அது சாகவில்லையே' என்று அடுத்த கேள்வி வரும், அதற்கும் சொல்லிவிடுகிறேன். தென்னைக்கும் பனைக்கும் ஃபுளோயம் வெளியே வளையமாக இல்லை. தண்ணீர்ப் பாதையும் சர்க்கரைப் பாதையும் சேர்ந்த நார்க்கற்றைகளாகத் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. வெளியே வெட்டினால் சில கற்றைகள்தான் போகும். ஆனால் கேம்பியம் இல்லாததால் வெட்டின இடம் ஆயுசுக்கும் ஆறாது, பழுதான குழாய்க்குப் பதில் புதுக் குழாய் வராது. கன்றுப் பருவத்தில் அடித்தண்டில் உருவான சல்லடைக் குழாய்தான் பல பத்தாண்டுகள் கழித்தும் உயிரோடு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. தென்னையில் படி வெட்டுவதை நான் எதிர்ப்பது இதற்காகத்தான்.

இனி செய்ய வேண்டியது. முதலில் ஒரு சோதனை. பேனாக்கத்தி நுனியால் காயத்தைச் சுற்றி அங்கங்கே மெல்லக் கீறிப் பாருங்கள், ஆழமாக வேண்டாம். ஆடு கடித்ததில் தீவுதீவாகப் பட்டை மிஞ்சுவது உண்டு. மேலிருந்து கீழ்வரை அறுபடாமல் ஒரு விரல் அகலமாவது ஈரமான உயிர்ப்பட்டை ஓடினால், பாதிக் கவலை போயிற்று. அந்தப் பட்டை பாதையாக நின்று, காலப்போக்கில் அகலமாகும். அப்படி எதுவும் இல்லையென்றால், காயத்தைத் தாண்டிச் சர்க்கரை இறங்க உயிருள்ள குச்சியாலோ கன்றாலோ பாலம் கட்டித்தான் ஆக வேண்டும்.

காயத்துக்குக் கீழே அடிமரத்திலிருந்து துளிர் ஏதாவது வந்திருக்கிறதா? ஒட்டு மரத்தில் அடித்துளிரைக் கிள்ளிவிடச் சொல்வது வழக்கம், ஒட்டுக்குக் கீழே வேராக நிற்கும் வேர்ச்செடியின் துளிர் அது. இந்த மரத்தில் மட்டும் தொடாதீர்கள். இன்றைக்கு வேருக்கு நேராகச் சோறு போடும் ஒரே இலை அதுதான். அது பென்சில் கனத்துக்கு வளர்ந்ததும் நுனியைச் சீவி, உதட்டுக்கு மேலே உயிர்ப்பட்டைக்குள் செருகி ஒட்டிவிடலாம். அதுவே பாலம்.

துளிர் இல்லாவிட்டால் எனக்குப் பிடித்த வழி நெருக்கு ஒட்டு. பென்சில் கனமுள்ள நாட்டு மாங்கன்றுகள் மூன்று அல்லது நான்கு வாங்கி, அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் தள்ளி நடுங்கள். பாலித்தீன் பையைக் கிழித்து, மண்கட்டி உடையாமல் நட வேண்டும். கன்று வேர் பிடித்து, பெரிய மரத்தில் பட்டை சுலபமாக உரியும் பதம் வந்ததும், உதட்டுக்கு மேலே நல்ல பட்டையில் தலைகீழ் டி வடிவில் கீறி, கன்றின் நுனியை ஆப்புப்போலச் சீவிக் கீழிருந்து மேலாகச் செருகி, சின்ன ஆணி அடித்து, பாலித்தீன் நாடாவால் இறுகச் சுற்றி, தேன்மெழுகு பூசி அடைக்க வேண்டும். கேம்பியம் கேம்பியத்தோடு தொடுவதுதான் முக்கியம், அதற்கு ஒட்டுக்கத்தி சவரக்கத்திபோல இருக்க வேண்டும். இதில் லாபம் என்னவென்றால் கன்று தன் சொந்த வேரோடு வருகிறது. பழைய வேர் பாதி செத்திருந்தாலும் மரத்துக்குப் புது வேர் கிடைத்துவிடும்.

மூன்றாவது வழி, அதே மரத்தின் போன வருடக் குச்சிகளை வெட்டி, இரு முனையும் சீவி, காயத்துக்குக் கீழும் மேலும் பட்டைக்குள் செருகுவது, சுற்றிலும் இரண்டு மூன்று அங்குலத்துக்கு ஒன்று. காற்றில் மரம் அசைய இடம் விட்டுக் குச்சி லேசாக வளைந்து நிற்க வேண்டும், தலைகீழாகச் செருகிவிடக் கூடாது. பாலத்தில் முளைக்கும் துளிரைத் தேய்த்துவிட வேண்டும். கீழ்ப்பட்டை இந்நேரம் சுருங்கியிருக்கும் என்பதால் உங்கள் மரத்தில் இது பிடிக்கும் என்று அடித்துச் சொல்லமாட்டேன்.

இதெல்லாம் நீங்களே செய்து பார்க்கிற வேலை இல்லை. நத்தம் சுற்றுவட்டாரத்தில் மா நாற்றங்கால்களுக்குப் பஞ்சமில்லை. அங்கே ஒட்டுக்கட்டும் ஆள் ஒருவரை அரைநாள் கூலி கொடுத்துக் கூட்டி வாருங்கள். அவர் கை பழகிய கை. உடனே செய்ய வேண்டியது காயத்துக்கு போர்டோ பசை பூசுவது. மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர் என்பது கணக்கு, உங்களுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போதும். தகர வாளியில் கலக்காதீர்கள், பிளாஸ்டிக்கில் கலக்குங்கள். கட்டைமேல் பூசுங்கள், ஒட்டு வைக்கப்போகும் விளிம்புகளில் படவேண்டாம். மேலே சாக்கைச் சுற்றி வெயில் மறைத்துவிடுங்கள். தண்ணீர் கொஞ்சமாக, அடிக்கடி. தேங்க விட்டால் மூச்சு முட்டி மிச்ச வேரும் அழுகும்.

பூவைக் கிள்ள வேண்டும். இதைச் சொல்லும்போது மாமியார் முகம் போகும் போக்கு எனக்குத் தெரியும். ஆனால் பாலம் பிடித்த பிறகு சர்க்கரை கீழே இறங்க வேண்டும், காய் நின்றால் எல்லாவற்றையும் அதுவே இழுத்துக்கொள்ளும். ஒரு கிளையில் மட்டும் விட்டு வையுங்கள், வடுமாங்காய்க்கு ஆகும். பெரிய கிளைகளைக் கழிக்கச் சொல்லி யாராவது வந்தால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இலை வாடத் தொடங்கினால் அப்போது மூன்றில் ஒரு பங்கு குறைக்கலாம்.

கடைசியாக ஒன்று. மாமனார் வைத்த மரம், பெயர் தெரியாத ரகம் என்கிறீர்கள். பாலம் பிடிக்கும் என்று நம்பி அதை மட்டும் செய்யாதீர்கள். வரும் ஒட்டுக் காலம் வரை மரம் தாங்குமா என்பது உறுதியில்லாததால், அதே ஆளிடம் சொல்லி இப்போதே பூக்காத கிளைகளில் நல்ல குச்சியாகத் தேர்ந்தெடுத்து, பத்து நாள் முன்னால் இலையைக் கிள்ளி மொட்டு பருத்ததும் வெட்டி, நான்கைந்து நாட்டுக் கன்றுகளில் ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். நிழலில், ஆடு எட்டாத இடத்தில்.